தள்ளாடி நடக்கும் பூனை: சிறுமூளைக் குறைபாடும் வீட்டுப் பராமரிப்பும்

குறைபாட்டின் இயல்பு

பிறந்து மூன்று வாரமாகித் தாயை விட்டு விலகி நடை பழகும் பூனைக்குட்டிகளுள் ஒன்று மட்டும் கால்களை அகல ஊன்றி நிற்பதும், ஒவ்வொரு காலையும் தேவைக்கு மேல் உயரத் தூக்கி வைப்பதும், நாலடி போவதற்குள் பக்கவாட்டில் சரிந்து விழுவதுமாக இருக்குமானால், சிறுமூளை வளர்ச்சிக் குறைபாடு என்னும் பிறவிக் குறையே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். சிறுமூளை என்பது தலையின் பின்புறம், பெருமூளைக்குக் கீழே அமைந்த பகுதி; மனித மூளையில் அது பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆயினும், மூளையின் நரம்புச் செல்களில் பாதிக்கும் மேற்பட்டவை அதற்குள்ளேயே அடங்கியுள்ளன. அசைவுக்கான கட்டளையைப் பிறப்பிப்பது பெருமூளை. அந்த அசைவு எவ்வளவு தூரம் செல்ல வேண்டும், எவ்வளவு விசையோடு செல்ல வேண்டும், எந்தக் கணத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சீர்செய்வது சிறுமூளை. ஆகவே, அது முழுமையாக வளராத பூனைக்குத் தசை வலுவும் அறிவுத் தெளிவும் குறையாமல் இருந்தும், எண்ணிய இடத்தில் காலை வைக்க மட்டும் இயலுவதில்லை.

இக்குறையின் தனி அடையாளம் இலக்கு நடுக்கம் ஆகும். அதாவது, ஒன்றை நோக்கி உடலைச் செலுத்தும்போது மட்டும் தோன்றி, இலக்கை நெருங்க நெருங்க மிகும் நடுக்கம். படுத்திருக்கையில் அசைவற்று இருக்கும் தலை, தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கிக் குனிந்ததும் மேலும் கீழும் ஆடத் தொடங்கி, வாய் தண்ணீரைத் தொடும் தறுவாயில் ஆட்டம் உச்சத்தை எட்டி, மூக்கு முழுவதும் உள்ளே முங்கி, பூனை தும்மிக்கொண்டு பின்வாங்குவதை வளர்ப்போர் நாள்தோறும் காணலாம். உறங்கும்போது இந்நடுக்கம் அறவே நின்றுவிடும். குறை நாளடைவில் முற்றுவதில்லை, வலி தருவதில்லை, ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதும் இல்லை. மாறாக, பூனை தன் உடலோடு பழகி, சுவரோரமாகச் சாய்ந்து நடக்கவும், விழுவதற்கு முன்பே உட்கார்ந்துவிடவும் கற்றுக்கொள்வதால், சில மாதங்களில் தேறிவிட்டதாகக்கூடத் தோன்றும்.

கருவில் நேரும் சேதம்

நெடுங்காலம் இது பரம்பரையாக வரும் குறை என்றே கருதப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர்களான லாரன்ஸ் கில்ஹாம், ஜார்ஜ் மார்கோலிஸ் இருவரும் 1966இல் தள்ளாடும் குட்டிகளிலிருந்து வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகே அந்தக் கருத்து மாறியது. அது பூனைகளைக் கொல்லும் பேன்லுக்கோபீனியா நோயின் வைரஸே என்பது மறு ஆண்டு உறுதியாயிற்று. பேன்லுக்கோபீனியா என்பது இரத்த வெள்ளணுக்கள் அனைத்தும் குறைந்துபோகும் நோய். நாய்க்குட்டிகளுக்கு வரும் பார்வோ நோயின் வைரஸும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பார்வோ குடும்பத்து வைரஸ்களுக்குத் தம்மைத் தாமே படியெடுத்துக்கொள்ளும் திறன் முழுமையாக இல்லாமையால், வேகமாகப் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் புகுந்து, அச்செல்லின் ஏற்பாடுகளைப் பயன்படுத்தியே அவை பெருக வேண்டியுள்ளது. வளர்ந்த குட்டியின் உடலில் அத்தகைய செல்கள் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருப்பதால், அங்கே நோய் கடும் வாந்தி பேதியாகவும் வெள்ளணுக் குறைவாகவும் வெளிப்படுகிறது. கருவில் இருக்கும் குட்டியின் நிலை வேறு. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். அதன் பிற்பகுதியிலும் பிறந்த பின் முதல் சில வாரங்களிலும் மூளையின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் உருவாகி முடிந்திருக்க, சிறுமூளையின் வெளிப்படலத்துச் செல்கள் மட்டும் இன்னும் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருப்பதால், வைரஸ் அவற்றையே அழிக்கிறது. ஒரே ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகளில் ஒன்று எழுந்து நிற்கவே முடியாமலும், மற்றொன்று லேசாக மட்டும் ஆடியும், ஏனையவை எக்குறையுமின்றியும் இருப்பதுண்டு. எனவே உடன்பிறந்த குட்டி நன்றாக இருப்பதைக் கொண்டு இக்குறை இல்லை என்று முடிவுகட்டலாகாது.

தள்ளாட்டம் எல்லாம் ஒன்றல்ல

வளர்ப்போர் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, தள்ளாட்டம் எப்போது தொடங்கியது என்பதே. நடை பழகிய நாளிலிருந்து ஒரே அளவில் இருந்துவரும் தள்ளாட்டத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. நேற்றுவரை மதில் தாண்டிய பூனை இன்று தள்ளாடினால், அது சிறுமூளை வளர்ச்சிக் குறைபாடு அன்று, அவசரமாகச் சிகிச்சை தேவைப்படும் வேறொன்று.

தக்காளிச் சந்தைக்குப் பேர்போன பாலக்கோடு போன்ற வேளாண் ஊரில் இத்தகைய திடீர்த் தள்ளாட்டத்துக்கு முதலில் ஐயுறத்தக்கது நஞ்சு. தக்காளி, காய்கறி, பூந்தோட்டங்களில் அடிக்கப்படும் பூச்சிமருந்துகளுள் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை பூனையின் உரோமத்தில் படிந்து, உடலை நக்கிச் சுத்தம் செய்யும் அதன் வழக்கத்தால் வயிற்றுக்குள் செல்கின்றன; எச்சில் ஒழுகுதல், கண்மணி ஊசிமுனையளவு சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். மருந்தடிப்பவர் கழற்றிப் போட்ட சட்டையின்மேல் பூனை படுத்துறங்குவதுகூடப் போதுமானது. இதைவிட அதிகம் பேர் அறியாத ஆபத்து, மாட்டு உண்ணிக்கும் நாய் உண்ணிக்கும் பயன்படும் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகிய மருந்துகள் பூனைக்குப் பெருநஞ்சாக அமைவது. மாட்டுக்குத் தெளித்து மிஞ்சியதைப் பூனைக்கும் ஒரு துளி தடவிவிடும் பழக்கத்தால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை இறக்கக்கூடும்.

இரண்டாவதாக ஐயுற வேண்டியது வெறிநோய். நாய்க்கு வருவது போலவே பூனைக்கும் வெறிநோய் வரும் என்பது பலர் மனத்தில் பதியாத செய்தி. நடை குலைதல், குரல் மாறுதல், காரணமின்றிச் சீறிப் பாய்தல் அல்லது இருண்ட மூலையில் ஒடுங்குதல், விழுங்க முடியாமை ஆகியவை சேர்ந்து தோன்றும் பூனையைக் கையால் தொடாமல் தனி அறையில் அடைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ பிறாண்டலோ நேர்ந்தவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலிடையே போடப்படும் தடுப்பூசி, தொடங்கும் நாளிலும் அதன்பின் 3, 7, 28 ஆகிய நாள்களிலும் தரப்படுகிறது. மஞ்சள் வைத்துக் கட்டுவதும், பூனைக்கடிதானே என்று விட்டுவிடுவதும் உயிரைப் பணயம் வைக்கும் செயல்கள்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்விழிகள் தாமாகவே இடவலமாகத் துடிக்குமானால், கோளாறு பெரும்பாலும் உடலின் சமநிலையை உணரும் உறுப்பான உட்செவியில் இருக்கும். பச்சை மீனையே நாள்தோறும் தின்னும் பூனைக்கு, மீனிலுள்ள நொதியொன்று தயமின் எனப்படும் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடுவதால், கழுத்து முன்னோக்கி மடங்கித் தள்ளாட்டம் வரலாம். காலத்தோடு ஊசி போட்டால் இது மீளும். வலிப்பு நோயில் பூனை நினைவிழந்து எச்சில் வடித்துச் சிறுநீர் கழித்துவிடுகிறது. சிறுமூளைக் குறையுடைய பூனையோ கீழே விழும்போதும் விழிப்போடும் முகத்தெளிவோடும் இருக்கிறது. மருத்துவரின் மேசைமேல் பூனை அஞ்சிச் சுருண்டுவிடும் என்பதால், வீட்டில் அது நடப்பதையும் உண்பதையும் உறங்குவதையும் கைப்பேசியில் படம்பிடித்துக் கொண்டுசெல்வது ஆய்வுக்கு மிகவும் உதவும். எம்.ஆர்.ஐ. படத்தில் சிறுமூளையின் சிறுத்த வடிவம் தெரியக்கூடும். ஆயினும் வரலாறும் நடையும் தெளிவாக இருக்கையில் அந்தச் செலவுக்குப் பெரும்பாலும் தேவை எழுவதில்லை.

வீட்டை மாற்றுதல்

பூனையை மாற்ற இயலாத நிலையில் வீட்டை மாற்றுவதே பராமரிப்பின் சாரம். வழவழப்பான டைல்ஸ் தரையே இப்பூனைக்கு முதற்பகை. மெழுகிய மண்தரையிலும் கரடுமுரடான சிமென்ட் தரையிலும் ஓரளவு நடந்த பூனை, புதிதாக டைல்ஸ் பதித்த கூடத்தில் நாலு காலும் நாலு திசையில் வழுக்கிப்போய்க் கிடப்பதில் வியப்பில்லை. அது வழக்கமாகச் செல்லும் தடத்தில், அதாவது படுக்கும் இடத்திலிருந்து உணவுக்கும் மலம் கழிக்கும் இடத்துக்கும் செல்லும் வழியில், சணல் சாக்கோ தென்னைநார் விரிப்போ ஓரம் மடங்காதபடி விரித்துவிட்டால் போதும். வீடு முழுவதும் விரிக்க வேண்டியதில்லை. தரையைப் பற்றிக்கொள்ள நகமே இதற்கு ஊன்றுகோல் என்பதால், நகத்தை ஒட்ட வெட்டக் கூடாது.

உணவுக் கிண்ணம் கனமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். எவர்சில்வர் கிண்ணம் தலை மோதியதும் உருண்டோடிவிடும். பழைய கற்சட்டியோ அடி அகன்ற மண்சட்டியோ அசையாமல் நிற்கும். அதைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், சுவரோரமாக வைத்தால், பூனை உடலின் ஒரு பக்கத்தைச் சுவரில் அண்டக்கொடுத்துக் குனியும். நடுக்கம் கணிசமாக அடங்கும். மலம் கழிப்பதற்கும் இதே முறைதான். சந்தையில் கழித்துக் கட்டப்பட்ட தக்காளிப் பெட்டி (கிரேட்) ஒன்றின் ஒரு பக்கத்தைத் தாழ அறுத்து, அறுத்த விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்து, உள்ளே தடித்த பாலித்தீன் தாளை விரித்து மணல் நிரப்பினால், மற்ற மூன்று பக்கமும் பூனை சாய்ந்து நிற்க உயரமான சுவராக அமையும். ஆடி விழுவதால் உடலில் ஒட்டும் அழுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடுவது வளர்ப்போரின் அன்றாட வேலையாகிவிடும்.

நல்ல பூனை உயரத்திலிருந்து விழும்போது நடுவானில் உடலைத் திருப்பிக் காலூன்றி இறங்குகிறது. இப்பூனையால் அதை நம்பத்தக்க வகையில் செய்ய இயலாது. ஆனால் ஏறும் ஆசை அதற்கும் உண்டு. ஆகையால் மாடிப்படி, கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைமாடி, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, சம்ப், கிணற்றடி ஆகிய அனைத்தும் அடைக்கப்பட வேண்டும். குளியலறை அண்டாவில் நிரப்பி வைத்த நீர்கூட ஆபத்தே. எலி பிடிக்கும் என்று நம்பித் தானியம் வைக்கும் அறையிலோ தோட்டத்திலோ இதை விடுவது பொருந்தாது. தெருநாயிடமிருந்தும் இருசக்கர வண்டியிலிருந்தும் ஓடித் தப்ப முடியாத இப்பூனை எப்போதும் வீட்டுக்குள்ளேயே வாழ வேண்டியது. ‘ஊருக்கு வெளியே விட்டுவிடுங்கள், அது பாடு’ என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனை இப்பூனையைப் பொறுத்தவரை கொலைக்குச் சமம். வளர்ப்பு விலங்கைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

உணவும் மருந்தும்

ஓயாத ஆட்டத்தால் இப்பூனைக்குச் சக்திச் செலவு மிகுதி. சிந்தியது போக வயிற்றுக்குச் செல்வது குறைவு. பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே பூனைக்குப் போதும் என்ற எண்ணம் இங்கே இரட்டைக் கேடு விளைவிக்கும். பூனையின் உடல் டாரின் என்னும் அமினோ அமிலத்தைப் போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்ளாது. இறைச்சியும் மீனும் இல்லாத உணவில் அது கிட்டாமற்போனால் விழித்திரை சிதைந்து பார்வை மங்கும், இதயத் தசையும் நலியும். ஏற்கெனவே நடைகுலைந்த பூனைக்குப் பார்வையும் போய்விட்டால் மீள வழியில்லை. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியிறைச்சி, ஈரல், முட்டை, மீன் ஆகியவற்றைச் சிறு சிறு பங்காகப் பலமுறை கொடுப்பதும், இயன்றால் பூனைக்கெனத் தயாரிக்கப்பட்ட முழுமையான உணவைச் சேர்ப்பதும் நன்று.

அழிந்த சிறுமூளைச் செல்களை வளரச்செய்யும் மருந்து எதுவும் இல்லை. நரம்புக்குச் சத்து என்று மாதக்கணக்கில் போடப்படும் பி-காம்ப்ளெக்ஸ் ஊசி இக்குறையில் பூனைக்கு வலியையும் உரிமையாளருக்குச் செலவையும் தவிர வேறெதையும் தருவதில்லை. விழுந்து அடிபட்டால் வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது பேராபத்து; அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லாமையால் ஒரே மாத்திரை அதைக் கொல்லப் போதும். கருத்தடை அறுவையை மயக்கமருந்து கொடுத்துச் செய்யலாம். குறையை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிமிரவே முடியாமல், ஊட்டினாலும் விழுங்க இயலாமல், தன் கழிவிலேயே கிடந்து புண்படும் மிகச் சில குட்டிகளின் நிலையில் கருணைக்கொலை பற்றி மருத்துவரோடு பேசுவது முறையே. லேசாகவோ நடுத்தரமாகவோ ஆடும் பூனைகள் மற்றப் பூனைகளைப் போலவே முழு ஆயுளும் வாழ்கின்றன.

அடுத்த ஈற்றைக் காத்தல்

இக்குறையைத் தடுக்கும் வழி தாய்ப்பூனைக்குச் சினைபிடிக்கும் முன்பே தடுப்பூசி போடுவதில் உள்ளது. பேன்லுக்கோபீனியாவோடு சளி தொடர்பான இரண்டு வைரஸ் நோய்களையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி, குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை போடப்படுகிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள்கள் முதல் ஊசிகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதாலேயே கடைசி ஊசியைத் தவறவிடக் கூடாது. இதில் ஓர் எச்சரிக்கை முதன்மையானது: வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் அடங்கிய தடுப்பூசியைச் சினைப்பூனைக்கும் 4 வாரம் நிறையாத குட்டிக்கும் போட்டால், அந்த வைரஸே சிறுமூளையைத் தாக்க வாய்ப்புண்டு. தெருப்பூனை ஒன்றுக்கு ஊசி போடக் கொண்டுசெல்பவர், அது சினையாக இருக்கலாம் என்ற ஐயத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

பேன்லுக்கோபீனியாவால் குட்டிகள் இறந்த வீட்டில் வைரஸ் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கக்கூடும். கிருமி போகட்டும் என்று பினாயில் ஊற்றிக் கழுவுவது இதற்குப் பயன்படாததோடு, பினாயிலில் உள்ள பினால் வகைச் சேர்மங்கள் பாதத்தை நக்கும் பூனைக்கு நஞ்சாகவும் அமைகின்றன. சோப்பு நீரால் தரையை நன்கு தேய்த்துக் கழுவிய பின், துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசல் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பரப்பி, குறைந்தது 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு நல்ல நீரால் அலசிக் காயவிட்ட பின்னரே புதிய பூனையை, அதுவும் தடுப்பூசி முடித்த பூனையை, அங்கே கொண்டுவர வேண்டும்.