பள்ளிக்கே வரும் கோளரங்கம்

1988இல் சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறந்தபோது, மாமல்லபுரம், வண்டலூர், மெரினா என்றிருந்த பள்ளிச் சுற்றுலாப் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்தது. தலைக்கு மேல் அரைக்கோளக் கூரை, தமிழிலேயே விளக்கம். விளக்கணைந்து நட்சத்திரங்கள் தோன்றும் நொடியில் பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

அந்தச் சத்தம் போடும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் கிடைக்கவில்லை. பள்ளிக் குழுக்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. நுழைவுச்சீட்டு பெரிய சுமையாக இருந்ததில்லை. இராமநாதபுரம் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கணக்கு நோட்டை விரித்தால் கதை வேறு. சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். பேருந்து வாடகை, ஓட்டுநர் பேட்டா, சுங்கம், சாப்பாடு, இரவு தங்க இடம் என்று எழுதிக்கொண்டே போய், கடைசி வரியில்தான் நுழைவுச்சீட்டு வரும். அரசு தரும் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில்தான் செல்லும். தலைக்கு இவ்வளவு என்று வசூல் தொடங்கியதும், கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை "எனக்கு பஸ் ஒத்துக்காது சார்" என்று ஒதுங்கிவிடும். காசில்லை என்று எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

1999இல் திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் வந்தது. தூரம் குறைந்தது, வாடகைக் கணக்கு மாறவில்லை.

இன்று கோளரங்கமே வண்டி ஏறி வருகிறது. காற்றடைத்து நிமிர்த்தும் கூடாரக் கோளரங்கத்தை 1970களிலேயே அமெரிக்காவில் பிலிப் சாட்லர் உருவாக்கிவிட்டார். அப்போது உள்ளே ஒரு விளக்கும், அதைச் சுற்றித் துளையிட்ட உருளையும்தான். பிறகு டிஜிட்டல் புரொஜெக்டர் வந்தது. ஒரே புரொஜெக்டரையும் குவியாடியையும் வைத்துக் கூரை முழுக்கப் படம் வீழ்த்தும் முறையை ஆஸ்திரேலியாவின் பால் போர்க் பரப்பினார். வானத்தைக் கணினியில் விரித்துக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் இலவசம். மடித்தால் எல்லாம் ஒரு வேனுக்குள் அடங்கும்.

ஐந்து மீட்டர் கூடாரத்தில் இருபத்தைந்து பிள்ளைகள் வரை தரையில் உட்காரலாம். மின்விசிறி தொங்கும் வகுப்பறைக்குள் இது நிமிராது; உயரமான கூடம் வேண்டும். ஊதுவிசிறி இரைந்துகொண்டே இருக்கும். செருப்பை வெளியே விட்டு, ஜிப்பைத் திறந்து, குனிந்து நுழைய வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அகல வாசல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது ஆசிரியரின் பொறுப்பு.

உள்ளே என்ன காட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். கூடாரத்தோடு சுற்றும் பலர் டைனோசர் படத்தையும் ரோலர் கோஸ்டரையும் ஓட்டிவிட்டுத் தலைக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் சிரித்து மகிழ்கிறார்கள், சரி. ஆனால் அதே கருவியில் அவர்கள் ஊர் வானத்தையே விரிக்க முடியும். இராமநாதபுரம் ஒன்பது பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரமும் அங்கே அடிவானத்துக்கு மேல் ஒன்பது பாகைதான். பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டுத் தேடிய பிள்ளைக்கு அது ஏன் மரங்களுக்குப் பின்னால் மறைந்துபோனது என்று அங்கேயே புரிந்துவிடும். விளக்குநர் அந்த வானத்தை மெல்லச் சுழற்றிக் காட்டினால், மே மாதத்து முன்னிரவில் தெற்கே எழும் சிலுவை வடிவ விண்மீன்களை அன்று ராத்திரியே வீட்டு வாசலில் நின்று பார்க்கலாம். சென்னைப் பிள்ளைக்கு விளக்கு வெளிச்சம் மறைக்கிற வானம், இவர்களுக்குத் தெளிவாக இருக்கிறது.

2022இல் தொடங்கிய வானவில் மன்றம் திட்டத்தில், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு அரசுப் பள்ளிகளுக்கே போகிறார்கள். அதே தடத்தில் மாவட்டத்துக்கு ஒரு கூடாரமும் போகலாம். பள்ளி விட்ட பிறகு அதை மடிக்காமல் வைத்திருந்தால், நூறு நாள் வேலை முடிந்து வரும் அம்மாக்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் பார்ப்பார்கள்.

கூடாரத் துணியும் புரொஜெக்டரும் ஒருமுறைச் செலவு. அவற்றை வாங்கிக் கொடுத்துப் பெயர் பொறிக்க நன்கொடையாளர்கள் கிடைப்பார்கள். வானத்தைத் தமிழில் சொல்லத் தெரிந்த விளக்குநரின் சம்பளம் மாதாமாதம் வரும் செலவு. திட்ட மதிப்பீட்டில் அதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும்.