வசையும் வாதமும்



அரசியல் மேடையில் எதிர்க்கட்சியைச் சாடுவோர், "இது செவிட்டு அரசு" என்பர். "குருட்டுக் கொள்கை" என்பர். "நொண்டிச் சாக்கு" என்பர். கேட்போரும் கைதட்டுவர். இச்சொற்கள் பழகிப்போனமையால் இவற்றின் பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மக்களின் முறையீட்டை ஓர் அரசு புறக்கணிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வரசுக்குக் கேட்கும் ஆற்றல் இல்லையா? உண்டு. கேட்டும் செயலாற்ற மறுப்பதே அதன் குற்றம். காது கேளாதவரோ கேட்க மறுத்தவர் அல்லர். கையசைவாலும் இதழசைவாலும் பிறர் கருத்தை அறிய அன்றாடம் முயல்பவர். மறுப்பவர் குற்றத்திற்கு முயல்பவர் பெயரைச் சூட்டுவது முறையாகுமா? இதனால் இரு தீங்குகள் விளைகின்றன. குற்றமற்றவர் இழிவுறுகிறார், குற்றமுடையவரோ இயலாமை என்னும் போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறார்.

நுட்பமான சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. "கண்மூடித்தனம்" என்னும் சொல்லை நோக்குங்கள். கண்ணை மூடிக்கொள்வது பார்வையுடையவர் தாமே விரும்பிச் செய்யும் செயல். ஆதலின் அது பழிக்கத்தக்கது. "குருட்டுத்தனம்" என்பதோ ஒருவரது உடல்நிலையையே பழியாக்குகிறது. அவ்வாறே "செவிட்டு அரசு" என்பதைக் "கேட்டும் கேளாத அரசு" என்றும், "நொண்டிச் சாக்கு" என்பதைப் "பொருந்தாச் சாக்கு" என்றும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வசை நீங்குகிறது, வாதம் கூர்மை பெறுகிறது.

"செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது பழமொழியன்றோ? அதில் தீய எண்ணம் ஏது?" என்று சிலர் வினவலாம். எண்ணம் தீதன்று என்பது உண்மையே. ஆயினும் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். எந்தப் பெருங்கூட்டத்திலும் அவர்களோ அவர்தம் பெற்றோரோ அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் உள்ளத்தில் அச்சொல் எவ்வாறு தைக்கும் என்பதை நாம் கருதவேண்டாவா?

அரசும் இதனைக் கருதியுள்ளது. பொதுமக்கள் காணும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்குடன் மாற்றுத்திறனாளி ஒருவரை வேண்டுமென்றே அவமதிப்பது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவுப்படி, 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். ஊனத்தைச் சுட்டும் சொற்களை வசையாக வழங்கலாகாது என்று 2023 டிசம்பரில் இந்தியத் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் திரைப்பட வழக்கொன்றில், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்கள் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. சொல்லை மட்டுமன்றி, அது வழங்கும் இடத்தையும் நோக்கத்தையும் சீர்தூக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

இப்பாகுபாடு, உங்கள் கல்லூரிப் பட்டிமன்றங்களில் தலைமை ஏற்போருக்கு இன்றியமையாதது. ஒருவர் பழக்கத்தால் தகாத சொல்லைக் கூறினால், "வேறு சொல்லால் கூறுக" என்று தலைவர் திருத்தலாம். திருத்தியபின் அவரது வாதம் தொடர இடந்தரல் வேண்டும். ஒரு மாற்றுத்திறனாளியைக் குறிவைத்தே இழித்துரைப்பாராயின், அப்பேச்சை நிறுத்தத் தயங்கலாகாது. தம் அணியினர் பிழையைக் காணாததுபோல் விடுத்து, எதிரணியின் பிழையை மட்டும் பெரிதாக்குவதோ நடுநிலை ஆகாது. அங்கே பிறர் துன்பம் கட்சிப் பூசலுக்குக் கருவியாகிறது. அதுவும் ஓர் அவமதிப்பே.

மாற்றுத்திறனாளி மாணவர் அவையில் இருந்தால், எச்சொல் தம்மைப் புண்படுத்துகிறது என்பதை அவரே கூறட்டும். அதனினும் மேலாக, அவரையே பேச்சாளராக மேடையேற்றுங்கள். அவரைப் பற்றிய நாவடக்கம் மட்டும் போதாது; அவர் நா ஒலிக்கவும் அவையில் இடம் வேண்டும்.