கொரில்லாவுக்கு விலை வைத்த வாரியம்

தொழில், சுற்றுலா, அந்நிய முதலீடு மூன்றையும் வளர்க்க ஒரு தேசிய அமைப்பு என்றதும் பளபளப்பான விளம்பரங்களும் நட்சத்திர ஓட்டல் மாநாடுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இத்தகைய அமைப்பு தேறுமா என்பதை முடிவு செய்வது அதன் கையில் இருக்கும் அதிகாரம். 1994 இனப்படுகொலையில் நொறுங்கிப்போன, கடற்கரை இல்லாத, கேரளத்தைவிடச் சிறிய ருவாண்டா இதற்கு நல்ல சாட்சி. முதலீட்டு அலுவலகம், சுற்றுலா மற்றும் தேசியப் பூங்கா அலுவலகம், நிறுவனப் பதிவாளர் என்று தனித்தனியே இருந்தவற்றை 2008இல் சட்டம் இயற்றி 'ருவாண்டா வளர்ச்சி வாரியம்' என்ற ஒரே அமைப்பாக்கினார்கள். தொழில் தொடங்க வருபவர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை. தொழில் செய்ய எளிதான நாடுகள் என்று உலக வங்கி 2018இல் வெளியிட்ட பட்டியலில் ருவாண்டாவுக்கு 29ஆம் இடம். (தரவுகளில் முறைகேடு தெரியவந்து 2021இல் அந்தப் பட்டியலையே உலக வங்கி கைவிட்டது. எனவே அந்த எண்ணை நான் பெரிதாக நம்பவில்லை.)

எனக்கு வலுவாகப் படும் சான்று மலைக் கொரில்லாக்கள். எரிமலைத் தேசியப் பூங்காவில் ஒரு கொரில்லாக் கூட்டத்தை நாளுக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம் பார்க்கலாம். இதற்கான அனுமதிக் கட்டணத்தை 2017 மே மாதம் வாரியம் 750 டாலரிலிருந்து 1,500 டாலராக, அப்படியே இரட்டிப்பாக்கியது. பக்கத்து உகாண்டாவில் அப்போது 600 டாலர்தான். அதோடு, பூங்கா வருவாயில் சுற்றுவட்டார மக்களுக்குத் தரும் பங்கை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக உயர்த்தியது. காட்டோரம் உழுபவருக்குக் கொரில்லாவால் வரும்படி இருந்தால்தான் காடு தப்பும். வெறும் விளம்பர அலுவலகமாக இருந்திருந்தால் 'வாருங்கள்' என்று அழைத்திருக்கலாம். விலை வைக்கவோ பங்கு பிரிக்கவோ அதனால் முடியாது.

விளம்பரத்தையும் வாரியம் விட்டுவிடவில்லை. சுற்றுலா விளம்பரத்துக்காக ஏழை நாட்டுப் பணத்தை ஆர்சனல் போன்ற பணக்காரக் கால்பந்துக் கழகத்துக்குக் கொட்டலாமா என்று 2018இல் கேட்டார்கள். அந்நியச் செலாவணி ஈட்டும் துறை தன்னை விற்கச் செலவிடுவது தவறில்லை. அந்த விளம்பரத்தின் உண்மையான பலவீனம் பிறகுதான் தெரிந்தது. 2025 தொடக்கத்தில் எம்23 கிளர்ச்சிப் படை காங்கோவின் கோமா நகரைப் பிடித்தது. அப்படைக்கு ருவாண்டாவின் ஆதரவு இருப்பதாக ஐ.நா. நிபுணர்கள் கூறினர், ருவாண்டா மறுத்தது. ருவாண்டாவுடனான விளம்பர ஒப்பந்தங்களை முறிக்கும்படி கால்பந்துக் கழகங்களைக் காங்கோ கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டிலேயே பேயர்ன் மியூனிக் கழகம் தன் விளம்பர ஒப்பந்தத்தை இளைஞர் பயிற்சித் திட்டமாக மாற்றிக்கொண்டது. ஆர்சனல் 2025–26 பருவத்தோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. இராணுவம் எடுக்கும் முடிவுகளில் வாரியத்துக்குக் கை கிடையாது. பழி மட்டும் அதன் விளம்பரப் பலகையில் வந்து விழுகிறது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. முதலீட்டாளரைக் கூவி அழைப்பதும் வாரியம், பூங்காவைக் காப்பதும் வாரியம் என்றால் யார் யாரைத் தட்டிக்கேட்பது? இதற்கு முழு விடை இல்லை. அரைகுறை விடை ருவாண்டாவின் அகாகேரா தேசியப் பூங்காவில் இருக்கிறது. அந்தப் பூங்காவின் நிர்வாகத்தை 2010இல் 'ஆப்பிரிக்கன் பார்க்ஸ்' என்ற லாபநோக்கற்ற அமைப்போடு வாரியம் பகிர்ந்துகொண்டது. இனப்படுகொலைக்குப் பின் அங்கே அற்றுப்போன சிங்கங்கள் 2015இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டன. 2017இல் காண்டாமிருகங்களும் வந்தன. அதிகாரத்தைக் குவித்த அதே அமைப்பு, அதில் ஒரு பகுதியை வெளியாரிடம் கொடுத்த இடத்தில்தான் விலங்குகள் திரும்பின.