வறுமையும் அறிவும்

வறியவர் ஏன் வறியவராகவே இருக்கின்றனர் என்னும் வினா மிகப் பழமையானது. ‘அவர்களுக்கு முன்யோசனை இல்லை, வட்டி மிகுதி என்று அறிந்தும் கடன் வாங்குகின்றனர், ஆதலின் அவர்தம் வறுமைக்கு அவர்தம் அறிவுக் குறைவே காரணம்’ என்று கூறுவோர் பலர். இக்கூற்று உண்மைதானா? வறுமைதான் அறிவின் தெளிவைக் குறைக்கின்றதோ? காரணத்தையும் காரியத்தையும் நாம் இடம் மாற்றிக் கொண்டோமோ? இவ்வினாக்களுக்கு விடை தேடிய ஆராய்ச்சி ஒன்று நம் தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களிலேயே நிகழ்ந்தது.

ஒரு செல்வரையும் ஒரு வறியவரையும் அருகருகே நிறுத்தி ஆராய்ந்தால் உண்மை விளங்காது. கல்வி, உணவு, வளர்ந்த சூழல் ஆகிய யாவற்றாலும் அவ்விருவரும் வேறுபட்டவர் ஆவர். ஒரே மனிதர் சில நாள் வறியவராகவும் சில நாள் வசதி உடையவராகவும் இருத்தல் வேண்டும். அத்தகையோரை எங்கே காண்பது?

திருவள்ளூரை அடுத்த வேப்பம்பட்டு இரயில் நிலையத்தில் காலை வேளையில் கூடுவோரை எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலைக்குச் செல்பவர் மாதந்தோறும் ஊதியம் பெறுகின்றார். கட்டட வேலைக்குச் செல்பவர் வாரந்தோறும் கூலி பெறுகின்றார். கரும்பு உழவரின் நிலையோ வேறு. ஏறத்தாழ ஓராண்டு உழைத்து விளைத்த கரும்பிற்கு, அறுவடைக்குப் பின்னர் ஒரே முறை பணம் பெறுகின்றார். அப்பணம் கையில் உள்ள வரை வாழ்வு செழிக்கின்றது. அடுத்த அறுவடை நெருங்க நெருங்கக் கை வறளுகின்றது. ஆளும் அவரே, அறிவும் அவருடையதே, பொருள்நிலை மட்டுமே மாறுகின்றது.

இதனை நன்கு உணர்ந்தோர் நால்வர். தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளியல் அறிஞர் செந்தில் முல்லைநாதன், பொருளியல் அறிஞர் ஆனந்தி மணி, மக்கள் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பதை ஆராயும் உளநூற் பேராசிரியர் எல்டார் ஷஃபீர், உளநூல் அறிஞர் ஜியாயிங் சாவ் ஆகியோரே அவர்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 சிற்றூர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். முடிவுகள் 2013-ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளியாயின.

அறுவடைக்கு முன்னர் அவ்வுழவருள் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னரோ 4 பேரே. முன்னர் நூற்றுக்கு 99 பேர் கடன்பட்டிருந்தனர். பின்னர் 13 பேரே கடனாளிகள். இவ்விரு காலங்களிலும் உழவர்களுக்கு இருவகைச் சோதனைகள் வைக்கப்பட்டன.

முதற் சோதனை, இரேவன் என்னும் ஆங்கில அறிஞர் வகுத்தது. ஓர் உருவ வரிசையில் விடுபட்ட உருவம் எது என்று கண்டு சொல்லுதல் வேண்டும்; எழுத்தறிவு தேவையில்லை. இரண்டாவது, மனத்தை அடக்கி ஆளும் ஆற்றலை அளப்பது. ‘5 5 5’ என்று எழுதிக் காட்டி, எத்தனை எண்கள் உள்ளன என்று கேட்பர். ‘ஐந்து’ என்று நா முந்தும். அதனை அடக்கி ‘மூன்று’ என்று விடை கூறுதல் வேண்டும்.

முதற் சோதனையில் உழவர்கள் அறுவடைக்கு முன்னர்ச் சராசரியாக 4.35 வினாக்களுக்கும், பின்னர் 5.45 வினாக்களுக்கும் சரியான விடை கூறினர். இரண்டாவதனை முடிக்க முன்னர் 146 நொடிகளும், பின்னர் 131 நொடிகளும் ஆயின; தவறுகளும் குறைந்தன.

இரண்டாம் முறை பழக்கத்தால் நன்கு செய்தனர் போலும் என்று நீங்கள் ஐயுறலாம். அவ்வையத்தைப் போக்க, சில உழவர்களை அறுவடைக்குப் பின்னரே முதன்முறையாகச் சோதித்தனர். அவர்களும் நன்றாகவே செய்தனர். பருவ மாற்றம் காரணமாகுமோ எனின், அதுவும் அன்று. ஆலைகள் எல்லாக் கரும்பையும் ஒரே நாளில் அரைக்க இயலாமையால் அறுவடை சில மாதங்கள் வரை முறை வைத்து நடைபெறும். எனவே ஒரே காலத்தில் ஒருவர் பணம் பெற்றவராகவும், அவர் அண்டை வயலார் பெறாதவராகவும் இருந்தனர்.

இதன் காரணம் யாது? நம் மனம் ஒரு வேளையில் தாங்கும் பாரத்திற்கு ஓர் எல்லை உண்டு. மிகுந்த பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கும் மாடு மெல்ல நடக்கும். அதனால் அம்மாடு வலியற்றது ஆகிவிடாது. பாரத்தை இறக்கினால் அதன் நடை தானே விரையும். வட்டிக் கவலையும் நாளைய அரிசிக் கவலையும் மனத்தின் பெரும்பகுதியைப் பற்றிக் கொள்ளும்பொழுது, ஏனைய செயல்களுக்கு எஞ்சும் கவனம் சிறிதே ஆகும். இக்குறைவு ஓர் இரவு முழுவதும் உறங்காதவர்க்கு உண்டாகும் தளர்ச்சிக்கு ஒப்பானது என்று அவ்வறிஞர்கள் மதிப்பிட்டனர். ‘நல்குரவு’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வறுமையையும் உறக்கமின்மையையும் சேர்த்தே பேசியிருப்பது இங்கே நினையத் தக்கது.

அறிவியலில் ஓர் ஆராய்ச்சியே முடிந்த முடிபு ஆகாது. அமெரிக்காவில் ஊதிய நாளுக்கு முன்னும் பின்னும் மக்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. சில நாள் தட்டுப்பாடும் பல திங்கள் நெருக்கடியும் ஒரே விளைவைத் தருமா என்பது மேலும் ஆராயத் தக்கது.

எனினும், நாம் செய்யத் தக்கன உள. கென்யா நாட்டில் அறுவடை முடிந்து கையில் பணம் உள்ள காலத்திலேயே உழவரை அணுகி, உரத்தை வீட்டிற்கே கொண்டு தருவதாகக் கூறியபொழுது, உரம் வாங்கினோர் தொகை உயர்ந்தது. உழவரின் அறிவு மாறவில்லை; கேட்ட காலமே மாறியது. உதவி பெறுவதற்குரிய விண்ணப்பங்களை எளியனவாக்குதலும், கட்டணத்தைப் பணம் வரும் காலத்திற்கு ஏற்பத் தவணையில் பெறுதலும் இவ்வகையினவே.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் கவனமின்றி இருக்கும் ஒருவனை மந்த அறிவினன் என்று எளிதில் முடிவு கட்டாதீர்கள். அவன் மனத்தில் நீங்கள் காணாத பாரம் ஒன்று இருக்கக்கூடும். பிறர் அறிவை அளக்கும் முன் அவர் சுமக்கும் பாரத்தை எண்ணிப் பார்த்தலும், இயன்ற வரை அதனைக் குறைக்க உதவுதலும் கற்றோர் கடமையாகும்.