மரக்காணமும் கத்தாரும்: எங்கே வாழ்க்கை நன்றாக இருக்கிறது?

வளைகுடாவிலிருந்து யாராவது விடுமுறைக்கு வந்து இறங்கினால் போதும், நம் வீடுகளில் முதல் நாள் இரவே அந்தக் கேள்வி வந்துவிடும். "அங்கே வாழ்க்கை எப்படி?" பெட்டி பிரிக்கும் சந்தோஷத்தில் வந்தவரும், "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் இருக்கு" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்த "நல்லாத்தான்" என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று யாரும் கிளறுவதில்லை.

இந்த முறை நான் கிளற வேண்டியதாயிற்று. என் தங்கை மகனுக்கு 22 வயது. பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. கத்தாரில் கட்டுமான வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். "அனுப்பலாமாண்ணே?" என்று தங்கை கேட்டாள். அவளிடம் நான் சொன்னதையும், சொல்லும்முன் தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும்.

முதலில் இரண்டு இடங்களையும் பாருங்கள். மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் தெரியும். உப்பங்கழித் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலை விட்டுத் தண்ணீரை விரட்டி, மிஞ்சும் உப்பை நாம் எடுக்கிறோம். கத்தாரில் நேர்மாறு. அங்கே ஆறு கிடையாது. ஆண்டுக்கு மழை 75 மில்லிமீட்டர் அளவுதான்; நம் பக்கம் ஒரு நல்ல ஐப்பசி நாளில் அதைவிட அதிகம் பெய்துவிடும். ஆகவே கடல் நீரிலிருந்து உப்பை விரட்டிவிட்டு, மிஞ்சும் தண்ணீரைத்தான் அந்த நாடு முழுவதும் குடிக்கிறது. நாம் வைத்துக்கொள்வதை அவர்கள் கடலுக்கே திருப்பி விடுகிறார்கள்.

செல்வத்தில் இன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இது எப்போதுமே இப்படி இருக்கவில்லை. எண்ணெய்க்கு முன் கத்தார் மக்கள் முத்துக் குளித்துப் பிழைத்தார்கள். கோடை முழுவதும் கடலில், முன்பணம் வாங்கிய கடனோடு, ஒரே மூச்சில் ஆழத்துக்குப் போய் வரும் வேலை. 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ஊரை விட்டுப் போனவர்கள் பலர். துக்கானில் எண்ணெய் கண்டார்கள். 1949-ல்தான் ஏற்றுமதி தொடங்கியது. இன்னொன்று கேளுங்கள்: 1966 வரை தோஹா கடைத்தெருவில் புழங்கியது நம் ரூபாய். 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சடித்தது. 1966 ஜூனில் இந்தியா ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் அவர்கள் அதைக் கைவிட்டார்கள். நம் பாட்டனார் காலத்தில் அவர்கள் கையில் நம் காசு, இன்று நம் பிள்ளைகள் கையில் அவர்கள் காசு.

இனி இன்றைய கணக்கு. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் ஆண்டுதோறும் மனித வளர்ச்சிக் குறியீடு என்று ஒன்றை வெளியிடுகிறது. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் அது. 2025-ல் வந்த அறிக்கையில் 193 நாடுகளில் இந்தியா 130-வது இடம். கத்தார் முதல் ஐம்பதுக்குள். இதை வைத்து "அந்த நாடுதான் உசத்தி" என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் கத்தாரின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். அதில் பத்தில் ஒருவர்தான் அந்நாட்டுக் குடிமகன். இந்தியர்கள் மட்டும் சுமார் 8 லட்சம் பேர். மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஆண்கள். ஏன் அப்படி? மனைவி மக்களை ஊரில் விட்டு வந்த தொழிலாளர்கள்தான் அங்கே கூட்டம். அந்தத் தொழிலாளியின் சம்பளம் கத்தார் கணக்கில் வருகிறது. அவன் பிள்ளையின் படிப்பும் அவன் அம்மாவின் ஆயுளும் இந்தியக் கணக்கில் வருகின்றன. ஒரே குடும்பத்தை இரண்டாகப் பிளந்து இரண்டு நாட்டுப் பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள். நாட்டோடு நாட்டை ஒப்பிடும் பட்டியல் எதிலும் நம் வீடு முழுதாகத் தெரியாது.

அதனால் தங்கையிடம், "நாட்டைக் கேட்காதே, இவனுக்கு எப்படி என்று கேள்" என்றேன்.

வெயில்

இவன் போகப்போவது வெயில் வேலைக்கு. இங்கே இருந்தாலும், சீசனில் உப்பளத்துக்குப் போகும் பையன் அவன். ஆகவே வெயிலில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

உப்பள வேலையை வெளியூர்க்காரர்கள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். விடியுமுன் இருட்டிலேயே பாத்திக்குப் போய்விடுவார்கள், வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்று. மேலே சூரியன், கீழே உப்பின் வெள்ளையில் பட்டுத் திரும்பும் கூசல், காலில் உப்புத் தண்ணீர். பாதத்தில் ஒரு கீறல் விழுந்தால் சீசன் முடியும் வரை ஆறாது. பெண்கள் தலைச்சுமையாக உப்பு எடுப்பார்கள். ஒதுங்க இடம் இல்லாததால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வுகள், இந்த வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைத்தான் பேசுகின்றன.

கத்தாரில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ஆணைப்படி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. அது மட்டுமல்ல, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் கணக்கில் 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமாக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். உலகக் கோப்பை மைதானங்கள் கட்டும்போது எழுந்த கண்டனங்களுக்குப் பிறகு வந்த மாற்றம் இது. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால், போய் வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் எண் என்று ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. வேலையை நிறுத்தச் சொல்லும் அப்படியோர் எண் நம் உப்பளங்களுக்கு இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. இறந்த பிறகு வரும் பணம் அது. இந்த ஒரு விஷயத்தில் கத்தார் சட்டம் நம்மை வெட்கப்பட வைக்கிறது, மறைப்பதற்கில்லை.

காசு

கத்தாரில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,000 ரியால். கம்பெனி சாப்பாடும் இடமும் தராவிட்டால் உணவுக்கு 300, தங்க 500 சேர்த்துத் தர வேண்டும். 2021 மார்ச் முதல் எல்லா நாட்டவருக்கும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும் சேர்த்து இதுதான் சட்டம். ஒரு ரியால் 24 ரூபாய் என்று வைத்தால் 24,000 ரூபாய். வருமான வரி கிடையாது. இங்கே உப்பளத்தில் நாள் கூலி சில நூறு ரூபாய்தான், அதுவும் மழைக்காலத்தில் நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பு விளையாது என்பதால் அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலில் மரக்காணம் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழிலின் நிச்சயமின்மை தெரியும்.

ஆக, காசுக் கணக்கில் கத்தார்தான். ஆனால் இங்கே நாம் கணக்கில் எழுதாத வரவு நிறைய இருக்கிறது. ரேஷன் அரிசி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு, அம்மாவுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ், நெஞ்சு வலி என்றால் புதுச்சேரி ஜிப்மரோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையோ. இவையெல்லாம் கையில் வரும் பணம் அல்ல, ஆனால் கையிலிருந்து போகாத பணம். கத்தாரிலும் அரசு மருத்துவம் மலிவுதான். ஆனால் அது அங்கே இருக்கும் இவனுக்கு. இங்கே இருக்கும் தாய்க்கு அது உதவாது. ஏஜெண்டுக்குக் கொடுக்கும் கடனையும் இதில் கழிக்க வேண்டும். ஆள் எடுக்கும் ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இந்திய அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இவனிடம் கேட்டது அதைப்போல் பல மடங்கு. வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க முடியும். நம் மார்க்கத்தில் வட்டி என்ன என்பது தங்கைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பண்பாடு

"முஸ்லிம் நாடுதானே, நம் ஊர் மாதிரியேதான் இருக்கும்" என்று பல தாய்மார்கள் தைரியமாக அனுப்புகிறார்கள். பாதி சரி. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஜும்ஆவுக்குக் கடைகள் அடைத்துவிடும். நோன்பு மாதத்தில் வேலை நேரம் வாரம் 48 மணியிலிருந்து 36 மணியாகச் சட்டப்படியே குறையும். பாதி நோன்பு இரவில் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு வீடுவீடாகப் போய்ப் பருப்பும் மிட்டாயும் வாங்கும் கரங்காவ் என்ற வழக்கம் அங்கே உண்டு, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கதவைத் திறந்து மிட்டாய் கொடுக்கும் அந்த வீட்டுக்குள் நம் பையன் போகப்போவதில்லை. அவன் உலகம் நகரத்துக்கு வெளியே இருக்கும் தொழிலாளர் குடியிருப்பு. அறையில் நேபாளி, வங்காளி, மலையாளி. குத்பா அரபியில். நம் ஊரில் மீலாது நபிக்கு அரசு விடுமுறை உண்டு, அங்கே கிடையாது. நம் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச அரசு அரிசி தருகிறது, அந்தக் கஞ்சியைப் பக்கத்துத் தெரு இந்துச் சகோதரர்களும் தூக்குச்சட்டியில் வாங்கிப் போகிறார்கள். அங்கே இஃப்தார் கூடாரத்தில் சாப்பாடு இதைவிடப் பல மடங்கு சிறப்பாக இருக்கும். ஆனால், "யார் மகன் நீ?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை என்பான் போய் வந்தவன்.

எத்தனை வருடம் உழைத்தாலும் அங்கே குடியுரிமை கிடைப்பது அரிது. 25 வருடம் தங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம், தகுதி இருந்தாலும் தருவது அவர்கள் விருப்பம். குறைந்தபட்ச ஊதியக்காரர் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ளும் விசாவை நினைத்துப் பார்க்கவும் முடியாது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இல்லை. முன்பு ஊர் திரும்பவே முதலாளியின் கையெழுத்து வேண்டும். அது 2018-லும் 2020-லுமாகப் பெரும்பாலும் நீக்கப்பட்டது. முறைப்படி அறிவிப்பு கொடுத்து வேறு கம்பெனிக்கு மாறவும் இப்போது சட்டம் இடம் தருகிறது. இது பெரிய முன்னேற்றம்.

இங்கே ஒரு வேடிக்கை. மரக்காணத்துக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் வீட்டுக்கு முன்னால் போகும் ரோடு. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்றால் வேறு: பத்தாம் வகுப்பு முடிக்காதவர் கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். சென்னையில் அதற்கு அலுவலகம் உண்டு. பலர் இதைத் தொல்லை என்று நினைத்து விசிட் விசாவில் போகிறார்கள். உண்மையில் அது பாதுகாப்பு. அனுமதி வாங்கும்போது ஒப்பந்தம் பதிவாகிறது, பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தால் 10 லட்சம். ஏஜெண்டுக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். கத்தார் விசா மையம் சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவப் பரிசோதனையும் ஒப்பந்தக் கையெழுத்தும் அங்கேயே முடியும். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துவிடலாம்.

இவ்வளவையும் சொன்னபோது பையன் பொறுமையாகக் கேட்டான். "அப்போ போகலாமா வேணாமா மாமா?" என்றான். "ஒப்பந்தத்தைக் கையில் வாங்கு, உட்கார்ந்து படிப்போம்" என்றேன்.

இரண்டு வாரம் ஆயிற்று. ஏஜெண்டிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் அங்கே போய் இறங்கினதும் தருவாங்க" என்றாராம். தங்கை அன்றைக்கே போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டாள். பையன் இப்போது விடுபட்ட பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் வாங்கியிருக்கிறான். விடியற்காலையில் உப்பளத்துக்கும் போகிறான்.