ஏ4988 டிரைவர்: விரெஃப் நம்பரைக் காப்பி அடிக்காதீங்க

ஸ்டெப்பர் மோட்டார் பத்திப் பேசினாலே வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ஏ4988 டிரைவருக்கு விரெஃப் எவ்வளவு வைக்கணும்? ஒரு நம்பர் சொல்லுங்க." அந்த ஒரு நம்பரை மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஏன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

முதல்ல, லிமிட் எதுக்கு? 1.5 ஆம்பியர் நீமா 17 மோட்டார் ஒண்ணை எடுத்துக்குவோம். அதோட காயில் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம்னு வச்சுக்குங்க. 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் 6 ஆம்பியர் வரை ஏறும். அதனால் டிரைவர், நாம் வைத்த அளவை கரண்ட் தொட்டதும் சப்ளையைத் துண்டிக்கிறது. கொஞ்சம் இறங்கியதும் மறுபடி கொடுக்கிறது. இது ஒரு வினாடிக்குள் பல்லாயிரம் தடவை நடக்கிறது.

கரண்ட் எவ்வளவு போகுதுன்னு டிரைவருக்கு எப்படித் தெரியும்? காயில் கரண்ட் ஒரு குட்டி சென்ஸ் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அதன் மேல் விழும் வோல்டேஜை, விரெஃபில் எட்டில் ஒரு பங்கோடு சிப் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணக்கு இவ்வளவுதான்:

விரெஃப் = 8 × கரண்ட் × சென்ஸ் ரெசிஸ்டர்

சிக்கலே அந்தக் கடைசி எண்ணில்தான். சிப் ஒண்ணா இருந்தாலும் போர்டு ஒண்ணு இல்ல. சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கறுப்பு ரெசிஸ்டர் இருக்கும், லென்ஸ் வச்சுப் பாருங்க. ஆர்100 என்றால் 0.1 ஓம், ஆர்068 என்றால் 0.068, ஆர்050 என்றால் 0.05. 1 ஆம்பியர் வேண்டும் என்றால் முதல் போர்டில் 0.8 வோல்ட், இரண்டாவதில் 0.54, மூன்றாவதில் 0.4.

யாரோ வீடியோவில் சொன்ன 0.8-ஐ ஆர்050 போர்டில் வச்சா என்ன ஆகும்? 1 ஆம்பியருக்குப் பதில் 2 ஆம்பியர். கரண்ட் இரண்டு மடங்கு ஆனால் காயிலில் சூடு நாலு மடங்கு. மோட்டார் 1.5 ஆம்பியர்தான் தாங்கும். ஹீட் சிங்க் இல்லாத ஏ4988-க்கோ 1 ஆம்பியரே ஏறக்குறைய எல்லை.

இப்போ வேலைக்கு வருவோம். பவரை அணைத்துவிட்டு மோட்டாரைக் கழற்றுங்கள். பவர் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் போயிடும், இதை மறக்கவே கூடாது. பிறகு லாஜிக் சப்ளையை மட்டும் கொடுத்தால் போதும். மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பு முனையை திருகும் அந்தக் குட்டி பாட் மேலேயும் வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்பது போர்டுக்குப் போர்டு மாறலாம், மீட்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

இன்னொரு விஷயம். இந்த போர்டில் விரெஃப், லாஜிக் வோல்டேஜிலிருந்துதான் பிரிந்து வருகிறது. 5 வோல்ட் ஆர்டுயினோவில் செட் பண்ணிட்டு 3.3 வோல்ட் போர்டுக்கு மாத்தினா விரெஃபும் அதே விகிதத்தில் இறங்கிடும். திரும்ப அளக்கணும்.

கடைசியா ஓட்டிப் பாருங்க. லோடு வந்ததும் ஸ்டெப் தவறினால் கரண்ட் குறைவாக இருக்கலாம். வேகம் அதிகமானாலும் இதே மாதிரி நடக்கும். கொஞ்ச நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓடினால் டிரைவர் சூடாகித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். அப்போ கரண்டைக் குறைங்க, இல்லேன்னா ஹீட் சிங்க்கும் காத்தும் கொடுங்க. பவர் சப்ளை மீட்டர் குறைவாகக் காட்டுதேன்னு ஏத்திடாதீங்க. சப்ளை கரண்ட் வேற, காயில் கரண்ட் வேற.

அதனால, அடுத்த தடவை யாராவது விரெஃப் நம்பர் சொன்னா, "உங்க போர்டுல ரெசிஸ்டர் என்ன?"ன்னு முதல்ல கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.