விடியற்காலை வயிற்றுவலி

இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்தவர் பாயை விரித்துத் தரையில் படுக்கிறார். விடியற்காலை 3 மணி வாக்கில் வயிற்றைப் பிசைந்துகொண்டு வலி வருகிறது. இரண்டு முறை வாந்தி. ராத்திரி சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று அறையில் இருப்பவர்கள் சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். 6 மணிக்கு இமை இரண்டும் தொங்குகின்றன. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். 7 மணிக்கு எச்சிலை விழுங்க முடியவில்லை. உடம்பு முழுக்கத் தேடினாலும் காயம் இல்லை, வீக்கம் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஓசூர் பக்கத்தில் இதைத் தமிழில் கட்டுவிரியன் என்பார்கள், தெலுங்கில் கட்லபாமு, கன்னடத்தில் கட்டு ஹாவு. கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வரிகள். பகலில் சீண்டினாலும் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும் இந்தப் பாம்பு, இரவில் எலி, பல்லி தேடி வீட்டுக்குள் நுழையும். தரையில் தூங்குபவர் புரண்டு கையைப் போட்டால் கடித்துவிடும். அதன் பல் மிகச் சிறியது. எறும்பு கடித்ததாக நினைத்துத் தட்டிவிட்டுத் தூங்கியவர்கள் உண்டு. கடித்ததே தெரியாமல் தூங்கியவர்களும் உண்டு. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தை இதன் விஷம் அடைத்துவிடுகிறது. முதலில் இமை, பிறகு விழுங்கும் தசை, பேச்சு, கழுத்து, கடைசியில் மூச்சு. நினைவு நன்றாகவே இருக்கும், அதைச் சொல்ல வாய் வராது.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூருக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பு தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து. பாகலூர், பேரிகை ரோஜாத் தோட்டங்களின் பாலிஹவுஸை ஒட்டிய தகரக் கொட்டகை, கிரானைட் குவாரியின் பின்பக்க ஷெட், ஏரிக்கரையை ஒட்டிய லைன் வீடு என்று எங்கே பார்த்தாலும் கட்டில் இல்லை. ஒரு அறைக்கு ஏழெட்டுப் பேர், சுவரோரம் அரிசி மூட்டை, மூட்டைக்கு எலி, எலிக்குப் பாம்பு. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும் 500 பேருக்கு மேல் இருந்தால் தனி அறையும் வைக்கச் சொன்னது. ஆனால் இந்தக் கடி ஆலையின் கேட்டுக்கு வெளியே, ஒப்பந்தக்காரர் பிடித்துக் கொடுத்த அறையில் நடக்கிறது. ஆள் பிடித்து வருபவர்கள் தலைக்கு ஒரு கொசுவலை வாங்கிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கணிப்பு. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் தரையில் படுத்தாலும் பாம்பு உள்ளே வராது. நேபாளத்துச் சமவெளியில் நடந்த ஆய்வு ஒன்றில், கொசுவலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது.

இங்கே அஞ்ச வேண்டிய நான்கு விஷப்பாம்புகளில் மற்ற மூன்றும் தங்கள் வருகையைச் சொல்லிவிட்டுத்தான் கொல்கின்றன. ராகி அறுப்பிலும் மாந்தோப்புச் சருகிலும் மிதிபடுவது கண்ணாடி விரியன். கடித்ததும் உயிர் போகிற வலி, மேலே மேலே ஏறும் வீக்கம், ஈறில் ரத்தம், சிவந்த சிறுநீர். கவனிக்காவிட்டால் சிறுநீரகம் நின்றுபோய் டயாலிசிஸ். பாறைக்காட்டில் இருக்கும் சுருட்டை விரியன் உருவில் சிறியது, ஆனால் அதுவும் ரத்தத்தை உறையவிடாது. நல்லபாம்பு கடித்தால் வீக்கமும் இமைத் தொங்கலும் சேர்ந்தே வரும்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் செய்யும் சோதனைக்குப் பெரிய லேப் வேண்டாம். கழுவி மறுபடி பயன்படுத்தாத, காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு குழாயைச் சாய்க்கிறார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் நிம்மதி. தண்ணீர் மாதிரி ஓடினால் உடனே மருந்து. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் தப்பான பதில் சொல்லும். கட்டுவிரியன் விஷயத்தில் ரத்தம் ஒழுங்காக உறைந்துவிடும் என்பதால் அங்கே இமையைத்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. ஆகவே கம்பை எடுத்துக்கொண்டு பாம்பைத் துரத்துவதும், அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் வீண்வேலை. இரண்டாவது ஆள் கடிபடுவது அங்கேதான். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலைப் போல மரப்பட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்வதுதான் முதலுதவி. முன்பே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம். மருத்துவர் முன்னால் அவிழ்ப்பதுதான் பாதுகாப்பு.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதில்தான் எல்லை ஊருக்கே உரிய தொல்லை தொடங்குகிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். காசு கொஞ்சம் இருந்தால் எந்த நோய்க்கும் “பெங்களூர் போயிடலாம்” என்பது இங்கே பழகிப்போன பேச்சு. இதயத்துக்கும் புற்றுநோய்க்கும் அது சரி. காலை 8 மணிக்கு அத்திப்பள்ளியிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்தவர்கள், மூச்சுத் தசை அடங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை அந்த வரிசையில் ஏற்ற மாட்டார்கள். முதல் மருந்து ஓசூர் அரசு மருத்துவமனையிலேயே ஏறட்டும். அப்புறம் வேண்டுமானால் பெங்களூரு. கிருஷ்ணகிரியிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே விஷமுறிவு மருந்து வைக்கிறார்கள். தளி, அஞ்செட்டி மலைக்கிராமங்களிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி வருபவர்களுக்கு அதுதான் உயிர். மந்திரிப்பவர், பச்சிலை கொடுப்பவர் வீடு அதைவிடப் பக்கத்தில் இருப்பதுதான் சங்கடம். கடித்த பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை என்பதால் அவர் கைராசிக்கும் குறைவிருப்பதில்லை.

மருந்து ஏற்றத் தயங்கி “மேலே கொண்டுபோங்க” என்று அனுப்பும் சிறு கிளினிக்குகளுக்கும் ஒரு பயம் உண்டு. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் இந்த மருந்து. சிலருக்கு அரிப்பு, தடிப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரலாம். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டால் சமாளிக்கக்கூடியதுதான். தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி. பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவு, ஏனென்றால் ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுவதால் மருந்தின் வீரியமும் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். குதிரை தேவைப்படாத மருந்துக்கான ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது 2020-இல் வெளிவந்த கணக்கு. 2024-இல் முதலில் கர்நாடகமும் பிறகு தமிழ்நாடும் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தன. இனி எல்லையின் இரு பக்கமும் கணக்கு ஒழுங்காக வரும் என்று நம்பலாம்.

பாம்பு மட்டுமல்ல, கல் புரட்டும் இடத்தில் தேளும் உண்டு. பெரிதாகக் கறுத்திருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் அலறுகிறார்கள். ஆபத்தானது சிறிய செந்தேள். கொட்டிய இடத்தில் வலி மட்டும் என்றால் பெரிதாகப் பயமில்லை. வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டால், அதுவும் குழந்தைக்கு என்றால், ஓட வேண்டும். ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் மாத்திரை இந்தச் சங்கிலியை அறுக்கிறது என்று 1980-களில் கண்டுபிடித்தார். மலிவான மாத்திரை அது. கொட்டுப்பட்டவர்கள் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நிலை அதனால் மாறியது. 2022-இல் அவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நாய்க்கடிக்கு இவ்வளவு அவசரம் தெரியாததுதான் அதன் ஆபத்து. 2025-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் வெறிநோயில் இறந்த செய்தி வந்தது. நாய் கடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற வழியே இல்லாத நோய் இது. கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். தையல் போடவும் அவசரப்பட வேண்டாம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். ஊசி வேலை செய்யத் தொடங்கும்வரை காவலுக்கு நிற்பது அதுதான். பலருக்கு இது விட்டுப்போகிறது. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 என நான்கு நாள். 7-ஆம் நாளோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம், லீவு எடுத்தால் சம்பளம் போகும். ஒப்பந்தம் முடிந்து 28-ஆம் நாளுக்குள் ரயில் ஏறுகிறவர்கள் ஊசிச் சீட்டைப் பத்திரமாக எடுத்துப்போக வேண்டும். மீதி ஊசியைப் பாட்னாவிலும் போட்டுக்கொள்ளலாம், கட்டாக்கிலும் போட்டுக்கொள்ளலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.